கடலுக்கு அந்தப் பக்கம்

நாகமலைப் பக்கம் லேசாக இடி முழங்கினால் போதும், என் அக்கா கையிலிருக்கும் சோற்றை உதறிவிட்டுத் தெருவுக்கு ஓடுவாள். இரண்டு பக்கமும் பார்ப்பாள். அங்கே குவிக்க நெல்லும் இருக்காது, மூடத் தார்ப்பாயும் இருக்காது. தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு நினைவு வரும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதது போல மீதிச் சோற்றைச் சாப்பிடுவாள். அப்போது நாங்கள் விளாங்குடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும், கூட அவளும்.

அக்கா பதினோரு வருஷம் வடக்கே ஓர் அரிசி ஆலையில் இருந்தாள். அத்தான் முன்பணம் வாங்கிக்கொண்டு அவளையும் கூட்டிப்போனார். அவர் அங்கேயே செத்துப்போனார். அதற்குப் பிறகும் அவளை வெளியே விடவில்லை. எங்கள் அம்மா இறந்ததற்குக்கூட அனுப்பவில்லை. கடைசியில் அதிகாரிகள் போய் அங்கிருந்த எல்லோரையும் மீட்டார்கள். இனி யாருக்கும் நீங்கள் அடிமை இல்லை என்று ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து, வேனில் ஏற்றி, ஊர் ஊராக இறக்கிவிட்டுப் போனார்கள். அக்காவை என் வீட்டு வாசலில் இறக்கினார்கள். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று அன்றைக்கு நான் அழுத அழுகையை நினைத்தால் இப்போது எனக்கே கோபம் வருகிறது. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறே அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் உபதேசியார் நல்ல மனுஷர். அவளுக்காகவே அடிமைப்பட்டுக் கிடந்த ஜனங்களை மோசே எகிப்திலிருந்து கூட்டிவந்த கதையை எடுத்தார். கடல் பிரிவதை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். துரத்திவந்த பார்வோன் ராஜாவுடைய சேனை அதில் முழுகியதும் வேதபுத்தகத்தை மூடிவிடுவார். சின்னப் பிள்ளையிலிருந்து நான் கேட்ட கதை அவ்வளவுதான். கடலோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நம்பியிருந்தேன்.

அன்றைக்கு அவர் அக்காவை எழுந்து சாட்சி சொல்லச் சொன்னார். நன்மை பெற்றவர்கள் சபைக்கு முன்னால் நின்று அதைச் சொல்லி நன்றி செலுத்துவது எங்கள் வழக்கம். அக்கா எழுந்தாள். புடவை நுனியைத் திருகினாள். பிறகு, "அங்க அரிசி நல்லாருக்கும்" என்றாள். "குருணைதான் குடுப்பாக. ஆனா அன்னைக்கு அரைச்சது, வாசமா இருக்கும். கூட ரெண்டு சின்ன வெங்காயம் இருந்தாப் போதும்." பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். உபதேசியார் சிரிக்கவில்லை. விடுதலை கிடைத்தும் எகிப்தைத் திரும்பிப் பார்க்கிற மனசு என்று வருத்தத்தோடு சொல்லி, அவளுக்காக ஜெபித்தார். நான் தலையைத் தூக்கவே இல்லை. பெற்ற நன்மையைச் சொல்லத் தெரியாதவள், என் மானத்தை வாங்கிவிட்டாளே என்று வீடு வரைக்கும் அவளோடு பேசவில்லை.

வீட்டில் ரேஷன் அரிசிச் சோறுதான். மூன்று வேளையும் அதுதான். அக்கா ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்ப்பாள். இது பழைய நெல், ஊறவைத்த தண்ணீரைச் சரியாக மாற்றவில்லை, அவியல் ஒரு கொதி கூடிப்போச்சு என்பாள். குற்றம் சொல்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த ஆலையில் நெல் பதமாக வெந்ததா என்று பார்த்துச் சொன்னவள் அவள்தான் என்று எனக்குத் தெரியாது. அவளை அடைத்து வைத்தவர்களே அவள் வாயிலிருந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் கொப்பரையை இறக்குவார்களாம். என் வீட்டுக்கு வந்து எட்டு மாசத்தில் அவளை யாரும் ஒன்றுமே கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டோம்.

சித்திரையில் ஒருநாள் வானம் கறுத்து இடி இடித்தது. எதிர்வீட்டுப் பெண் அன்று காலையில்தான் வருஷத்துக்கு வேண்டிய கூழ்வத்தலைப் பழைய சேலைகளில் ஊற்றிக் காயவைத்திருந்தாள். நான் குழாயடிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், அக்கா களத்தில் நெல்லைத் தள்ளுவது போல அத்தனை வத்தலையும் காலால் தள்ளி ஒரே குவியலாகக் குவித்து, அதன் மேல் என் போர்வையை மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி காய்ந்த வத்தல், மண்ணோடு சேர்ந்து களியாகிவிட்டது. மழையும் பெய்யவில்லை.

"ஏக்கா, உங்கக்காளைக் கட்டிப்போட்டு வையி, இல்லேன்னா கூட்டியாந்த எடத்துலயே கொண்டுபோய் விட்டுரு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. தெருவே நின்று பார்த்தது. நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதும் வாய் வராது. அக்காவை வீட்டுக்குள் இழுத்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு, எல்லா ஆத்திரத்தையும் அவள் மேல் கொட்டினேன்.

"உன்னைய நானா பெத்தேன்? இன்னும் எம்புட்டு நாளைக்குத்தான் தூக்கிச் சுமக்கணும்?"

அவள் காலில் ஒட்டியிருந்த கூழைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் இரண்டு சேலையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்கே என்று கேட்டேன். "ஆலைக்குப் போறேன் புள்ள" என்றாள். அதிகாரிகள் வந்து மீட்ட இடத்துக்கா போகிறாய், கிறுக்கச்சி என்று திட்டினேன். "அங்க நெல்லு வெந்துருச்சான்னு என்னையத்தான் கேப்பாக" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். பிடிக்கவில்லை. போகட்டும், நன்றி கெட்டவள் என்று அடுப்பைப் பார்க்கப் போனேன். மூன்றாம் வருஷம் ஆலையிலிருந்து அவள் இறந்த செய்தி வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

வீட்டுக்காரரும் இறந்த பிறகு, எனக்கிருக்கிற ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக விரலை ஓட்டி வேதபுத்தகத்தை வாசிக்கத் தொடங்கினேன். கடல் வந்தது, சேனை முழுகியது. கதை முடியவில்லை. இன்னும் எத்தனையோ பக்கம் கிடந்தது. கடலைத் தாண்டின ஜனங்கள் வனாந்தரத்தில் கடவுள் வானத்திலிருந்து கொடுத்த மன்னாவையே தினமும் தின்று சலித்து, எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்துக் கூடார வாசலில் உட்கார்ந்து அழுகிறார்கள். என் அக்கா சபையில் எழுந்து சொன்னதைத்தான் அவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால் தலை குனிந்திருப்பேனா?

அதற்குக் கீழேதான் என்னால் தாங்க முடியாதது இருந்தது. ஜனங்களின் அழுகையைக் கேட்டுக் கேட்டு மோசேக்கும் சலித்துப்போகிறது. இவர்களை எல்லாம் நானா பெற்றேன், நான் ஒருவனே எப்படிச் சுமப்பேன் என்கிறார். நான் சொன்ன அதே பேச்சு. ஆனால் அவர் அதைக் கடவுளிடம் போய்ச் சொன்னார். அவரோடு சேர்ந்து சுமக்க எழுபது பேரைக் கடவுள் சேர்த்துவிட்டார். நான் அக்காவிடமே சொன்னேன். அன்றைக்கு உபதேசியாரிடம் போய், ஐயா, என்னால் தனியாக முடியவில்லை என்று கேட்டிருந்தால் நாலு பேர் வந்திருக்க மாட்டார்களா? கேட்க வெட்கப்பட்டேன்.

போன மாசம், இப்போதிருக்கிற இளம் போதகர் அதே கதையைப் பிரசங்கித்தார். அவரும் கடற்கரையில் புத்தகத்தை மூடினார். ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, கிட்டே போய், "ஐயா, கடலைத் தாண்டினதுக்குப் பெறகு உள்ளதையும் ஒருநா வாசிங்க" என்றேன். அவர் பிரியமாகத்தான் சிரித்தார். "அது ரொம்ப நீளம்மா. அம்புட்டையும் வாசிச்சா யாரு உக்காந்து கேப்பா?"

நான் கேட்பேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.