முதல் சொம்புக் கூழ்

புளித்த கேழ்வரகு மாவு அடுப்பில் கொதிக்கும்போது எழும் வாசனையை நான் முதன்முதலாக முகர்ந்தது காஞ்சிபுரத்தில்தான். தெற்கே நாசரேத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்கு அது புதிய வாசனை. ஆடி மாதத்துச் சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் வரிசையாக ஏற்றிய பானைகளிலிருந்து கிளம்பி, எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, மறுநாள் ஆராதனைக்கென்று அம்மா கஞ்சி போட்டு மடித்து வைத்திருக்கும் வெள்ளைப் புடவையில்கூட ஏறிக்கொள்ளும். அம்மா ஜன்னலைச் சாத்துவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் மெல்லத் திறந்து வைப்பேன். எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்துக்குப் 'பிடிக்கவில்லை' என்று சாக்குச் சொல்லக்கூட எனக்கு வழி கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் அப்பாவுக்கு அந்த ஊருக்கு மாற்றலானது. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வாடகைக்கு வீடு கிடைத்தது பட்டு நெசவாளர்கள் நிறைந்த ஒரு தெருவில். தெரு முழுக்கத் தறிச் சத்தம், முனையில் அம்மன் கோயில், நடுவில் ஒரே ஒரு கிறிஸ்தவ வீடு, அந்த வீட்டில் ஒரே பிள்ளையாக நான். எனக்கு அப்போது வயது பத்து. பள்ளிக்கூடத்தில் 'அவிய வந்தாவ' என்று வாய் தவறிச் சொன்னால் போதும், பெஞ்சு பெஞ்சாக அதைச் சொல்லிக் காட்டியே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் சர்ச்சையும் 'கோயில்' என்றுதான் சொல்வோம்; அதற்கும் ஒரு சிரிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகள் எல்லாம் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும்போது, வெள்ளை கவுனும் ரிப்பனுமாக அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அவர்களைக் கடந்து நடப்பேன். அவர்கள் ஆட்டத்தை நிறுத்தி வழி விடுவார்கள். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம்: அப்பா ஒரு வசனம், அம்மா ஒரு வசனம், நான் ஒரு வசனம் என்று முறை வைத்து வாசிப்போம். மூன்று பேர் மட்டும் பாடும் பாட்டு எத்தனை மெலிதாக இருக்கும் என்பது அந்த வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது.

அப்படி இருந்த எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அடுத்த வீட்டு ரேணுகா. அவளும் நானும் ஒரே வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் அவள் ராட்டை முன்னால் உட்கார்ந்து 'தார்' சுற்ற வேண்டும், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற சிறு குழலில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் என் பேச்சைக் கேட்டு ஒருநாளும் சிரித்ததில்லை. தெரியாத வார்த்தை வந்தால் 'அப்டீன்னா இன்னா?' என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள். அவளுடைய அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். "வா எஸ்தரு, குந்து" என்று அத்தை சொல்லும் ஒரு வார்த்தைக்காகவே சில நாள் ஓட்டமாக ஓடி வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. விக்கிரகத்துக்குப் படைத்த எதையும் சாப்பிடக் கூடாது. கோயில் ஊரில் இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு குடியிருப்பது லேசான காரியமில்லை. மாதம் தவறாமல் ஏதாவது ஒரு விசேஷம், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து சுண்டலோ பொங்கலோ தட்டில் வந்துவிடும். அம்மா முகம் கோணாமல் சிரித்த முகமாக வாங்கிக்கொள்வாள். கொண்டுவந்தவர் படியிறங்கியதும் தட்டு நேராகப் பின்வாசலுக்குப் போகும். அங்கே சந்தில் கட்டியிருக்கும் பால்காரர் வீட்டுப் பசு சாப்பிட்டு முடிக்கும். பிறகு தட்டைக் கழுவி, வெறுந்தட்டாகக் கொடுக்காமல் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்புவோம். "ஏட்டி, படைச்சத நாம திங்கக் கூடாது. ஆனா கொண்டு வந்தவிய மனசு நோவவும் கூடாது, என்னட்டி?" என்பாள் அம்மா. இரண்டும் சேர்ந்துதான் சட்டம். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ஜெபம் பண்ணிக் கொடுத்த முறுக்கையும் அச்சுப் பலகாரத்தையும் அந்தத் தெரு ஒரு கேள்வி கேட்காமல் தின்று தீர்த்ததே என்று எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

அந்த வருஷம் கோடையில் எனக்கு அம்மை போட்டது. அப்பா டாக்டரை அழைத்து வந்தார், மருந்து வந்தது, அம்மா முழங்காலில் நின்றபடியே இருந்தாள். ஒட்டிக்கொள்ளுமே என்ற பயத்தில் சபையார் யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். ரேணுவையும் அனுப்பவில்லை. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அன்றைக்குப் பள்ளியில் நடந்ததையெல்லாம் உரக்கச் சொல்லுவாள்; நான் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். வந்தது அத்தை ஒருத்திதான். இளநீரும் வேப்பிலைக் கொத்துமாக வந்து, "பயப்படாதமா, அம்மா வந்து வெள்ளாடிட்டுப் போயிடுவா" என்று என் அம்மாவிடம் சொல்லுவாள். நோயை அம்மன் என்று சொல்வது அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்திருக்கும். ஆனால் வேப்பிலையை வாங்கி என் படுக்கையில் பரப்பினாள். நடுவில் இரண்டு நாள் எனக்கு நினைவே இல்லையாம். மூன்றாம் நாள் கண் திறந்தேன். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அப்பாவும் அம்மாவும் சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள்.

ஆடி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று தெருவே சொல்லிற்று. அன்று ஆராதனை முடிந்ததும் அம்மாவுக்கு மாதர் சங்கக் கூட்டம், அப்பாவுக்குக் கமிட்டி. சாவியைக் கொடுத்து என்னை முன்னால் அனுப்பினார்கள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்ததற்கு ஒரு படம் பரிசாகக் கிடைத்திருந்தது, அந்தப் பெருமை வேறு எனக்கு. கதவைத் திறந்துகொண்டிருக்கும்போதே அத்தை வந்துவிட்டாள், முந்தானையால் மூடிய பித்தளைச் சொம்போடு.

"வந்துட்டியா கண்ணு? உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன். மொத சொம்பு உனுக்குத்தான். ஒடம்புக்குக் குளிர்ச்சி, முழுசும் குடிச்சிடு."

சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டாள். நான் சொம்பைப் பின்வாசலுக்கு எடுத்துப் போனேன். பசுவை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். அம்மா வருவதற்குள் சொம்பைக் கழுவி வைத்துவிட வேண்டும், அம்மா இல்லாமலே சட்டத்தைக் காப்பாற்றிய நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க வேண்டும். என் மனசில் இருந்தது இவ்வளவுதான். சாக்கடையில் கவிழ்த்தேன். கூழ் கெட்டியாக இருந்ததால் சட்டென்று இறங்கவில்லை, சொம்பின் அடியைத் தட்ட வேண்டியிருந்தது. தெருமுனையில் பூசைக்குப் பம்பை அடிக்கத் தொடங்கியது அப்போதுதான் கேட்டது. நிமிர்ந்தால், சந்தில் ரேணு நிற்கிறாள். கூழுக்குத் தொட்டுக்கொள்ள இலையில் முருங்கைக் கீரை எடுத்துக்கொண்டு, வாசலில் கூட்டம் என்று பின்வழியாக வந்திருக்கிறாள்.

அவள் கோபப்படவில்லை. சாக்கடையைப் பார்த்தாள், சொம்பைப் பார்த்தாள்.

"உனுக்கு அம்மை போட்ட அப்போ எங்கம்மா உனுக்காக வேண்டிக்கினாங்க எஸ்தரு. கோயில்ல மண்சோறு துன்னாங்க. இந்தக் கூழு உனுக்காக ஊத்தறது."

மண்சோறு என்றால் இலையும் தட்டும் இல்லாமல், மெழுகிய தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக் குனிந்து வாயால் எடுத்துத் தின்பது. பெற்ற பிள்ளைக்காக வேண்டிக்கொள்வார்கள், கட்டிய புருஷனுக்காக வேண்டிக்கொள்வார்கள். அத்தை அதை எனக்காகச் செய்திருக்கிறாள். ரேணு கீரையை எங்கள் பின்வாசல் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது?

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தாள். வீட்டில் அவள் அம்மாவிடம் சொல்லியிருப்பாள், தெருவே என்னைக் காறித் துப்பும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை வழக்கம்போல "இன்னா எஸ்தரு, ஊட்டுப் பக்கமே காணோம்?" என்று கேட்டுச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு அழுகை வரும். ஆடியிலிருந்து அடுத்த சித்திரை வரை, பள்ளி விட்டு வந்து அறைக்குள் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டை சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குடும்ப ஜெபத்தில் தலை குனியும்போதெல்லாம் 'ரேணு பேச வேண்டும்' என்பது ஒன்றுதான் என் ஜெபம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் 'நீ செஞ்சது சரிதாம்ட்டி' என்பாளோ என்று பயமாக இருந்தது. அது சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

கோடை விடுமுறையில் அப்பாவுக்கு மறுபடி தெற்கே மாற்றலானது. சாமான்களை ஏற்றி, குதிரை வண்டி வாசலில் நின்றபோது அத்தை வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தாள். பின்னால் ரேணு.

"புளிச்சோறு, எஸ்தரம்மா. வழிக்கு ஆவும். பயப்படாதீங்க, படைச்சது இல்ல."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "ஐயோ, அப்படியெல்லாம்..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"இருக்கட்டும்மா, எனுக்குத் தெரியாதா? பால்காரு பசு எங்க ஊட்டுத் தட்டு சுண்டலத் துன்னுக்கினு இருந்தத நானே பாத்திருக்கேன். அவங்கவங்க வழி அவங்கவங்களுக்கு. அதான் ஆடியில கூழு ஊத்துன அன்னிக்கி, அம்மனுக்குப் படைக்கிறதுக்கு மின்னாடியே மொத சொம்ப எடுத்து உங்க பொண்ணுக்குக் குடுத்துட்டேன். எங்க மாமியாரு பாத்திருந்தா என்னக் கொன்னே போட்டிருப்பாங்க." சிரித்துக்கொண்டே என் கன்னத்தைத் தொட்டாள். "அன்னிக்கிக் கேக்கவே மறந்துட்டேன். கூழு நல்லா இருந்துச்சா கண்ணு?"

நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ரேணு முன்னால் வந்தாள்.

"நல்லா இருந்துச்சுன்னு எங்கிட்ட அன்னிக்கே சொன்னாம்மா. ஒரு சொட்டு வெக்காம குடிச்சிட்டா."

குதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பத்து மாதத்தில் என்னைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. கடைசிப் பேச்சும் அதுதான். வண்டி கிளம்பிவிட்டது.

செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். அம்மா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏட்டி, கூழு குடிச்சத ஏன் எங்கிட்ட சொல்லல? ஏசுவேன்னு பயந்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்ல காரியம் செஞ்சட்டி. நானா இருந்தா கொட்டியிருப்பேன்" என்றாள். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே புளிச்சோற்றைச் சாப்பிட்டாள், எனக்கும் ஊட்டினாள். நான் விழுங்கினேன். உண்மையைச் சொல்லவில்லை.

வளர்ந்த பிறகு, எங்கள் வீட்டுச் சட்டம் பைபிளின் எந்த நிருபத்திலிருந்து, அதாவது சபைக்கு எழுதிய எந்தக் கடிதத்திலிருந்து, பிறந்ததோ அந்த நிருபத்தை அதிகாரம் அதிகாரமாக எத்தனையோ முறை வாசித்துவிட்டேன். சாப்பாடு நம்மைக் கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது, அடுத்தவர் மனசாட்சி புண்படாமல் நடந்துகொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதை ஒரு வரியும் வாசிக்காத அத்தை, எங்கள் மனசாட்சிக்காகத் தன் அம்மனையே ஒரு நாழிகை காக்க வைத்தாள். முறை வைத்துத் தினமும் வாசித்த வீட்டுப் பிள்ளையான நான் சொம்பின் அடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்தான் வருகிறது.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் போனேன். நாங்கள் இருந்த வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பியிருக்கிறார்கள். பின்சந்தை அடைத்துவிட்டார்கள். ரேணு வீட்டார் விற்றுவிட்டுப் போய் வெகுகாலமாகிறதாம். ஒருவர் அரக்கோணம் என்றார், இன்னொருவர் பெங்களூர் என்றார். விலாசம் யாரிடமும் இல்லை. அத்தை இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். அம்மா போய்ப் பதினோரு வருஷமாகிறது. கடைசி வரைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், "சின்னப் பிள்ளையிலேயே எம் மவளுக்கு மனுஷர் மனசு தெரியும்" என்று அந்தக் கூழ்க் கதையைச் சொல்லி என்னைப் பெருமையாகப் பார்ப்பாள். நான் எழுந்து காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

சர்ச்சில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு முன்னால், அவரவர் குற்றத்தை மனசுக்குள் அறிக்கையிடச் சொல்லி ஆயர் சற்று நேரம் மௌனமாக நிற்பார். கடவுளிடம் இதைச் சொல்வதில் எனக்குச் சிரமமே இல்லை, அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தாரே. கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அம்மா மண்ணுக்குள் இருக்கிறாள், அத்தை எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அதனால் முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்: நான் அந்தக் கூழைக் குடிக்கவில்லை.