அப்பீல் பண்ணாட்டி அவுட் இல்லை

மாமாவை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களே என்ற பயத்தில், அவருடைய கடிதத்தைக் களவெடுத்து ஒளித்தவள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

அம்மாவின் தம்பி அவர். ஜெர்மனியில், ஹம் நகரத்தில் எங்களோடு இருந்தார். கார்த் தரிப்பிடத்தில் எனக்குக் கிரிக்கெட் பழக்கியதும் அவர்தான். ஒருநாள் அவர் துடுப்பில் உரசிவந்த பந்தை நான் பிடித்துவிட்டேன். மனிதர் அசையவே இல்லை.

"நீ 'ஹவ்ஸாட்' எண்டு கேக்கேல்லையே பிள்ளை! அப்பீல் பண்ணாட்டி அம்பயர் அவுட் குடுக்கேலாது. அது சட்டம்."

அந்த மாதமே அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுக் கடிதம் வந்தது. இரண்டு கிழமைக்குள் அப்பீல் பண்ண வேண்டுமாம். ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். கரீபியன் தீவொன்றின் பழைய வேகப்பந்து வீச்சாளர். இங்கே வந்து சட்டம் படித்து, அப்போது நகரசபைத் தேர்தலிலும் நின்றார். மாமாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

"அக்கா, அந்தாள் அப்பீல் பண்ணினா அம்பயரின்ர விரல் தன்ர பாட்டில எழும்புமாம்!"

விரல் எழும்பினால் அவுட். அவுட் என்றால் விமானம். யாரும் அப்பீல் பண்ணாவிட்டால் மாமா இங்கேயே நிற்பார். அவ்வளவுதானே!

கடிதம் என் சித்திரக் கொப்பிக்குள் போனது. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம், விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் அந்த வழக்கறிஞரின் தேர்தல் படம் சிரித்தது. என் பைக்குள் இருப்பது அவருக்குத் தெரியும் போலவே இருக்கும். பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவேன். வீட்டிலோ மெத்தையைக்கூடப் புரட்டித் தேடினார்கள். வழக்கு இலக்கம் அந்தக் கடிதத்தில்தான் இருந்தது.

கடைசி நாள் காலை, மாமா ஒரு பையில் சேட்டுகளை மடித்து வைத்தார். அம்மா அழுதா.

"இண்டைக்கு அப்பீல் பண்ணாட்டி உன்னை அனுப்பிப்போடுவாங்களெல்லோ!"

பண்ணாவிட்டாலா? "அப்பீல் பண்ணாட்டி அவுட் இல்லையெண்டு மாமாதானே சொன்னவர்" என்று கொப்பியைத் திறந்து நீட்டினேன்.

"எடி, உனக்கென்ன விசரே!" அம்மா கையை ஓங்கினா. மாமா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பிள்ளையின் கணக்குச் சரிதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். அப்பீல் அனுப்பி முடிந்ததும் மாமா நான் செய்த வேலையைச் சொன்னார். வழக்கறிஞர் மேசை அதிரச் சிரித்துவிட்டு, குனிந்து என்னிடம் ஜெர்மனில் சொன்னார்: "இந்த ஆட்டத்தில் பட்ஸ்மன்தான் அப்பீல் பண்ண வேண்டும்."

"அப்படியென்றால் மாமாவை அவுட்டாக்கப் பந்து போடுவது யார்?" என்று கேட்டேன்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த என் சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு இதுகூடத் தெரியாதா என்றுதான் அன்று நான் நினைத்தேன்.