அரிசி முடிச்சு

மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மற்றப் பிள்ளைகளெல்லாம் வெற்றுடம்போடு மண்ணில் புரளும். பஞ்சாலை என்பவளின் மகள் நீலாவதி மட்டும் அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். ஓட முடியாது, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருக்கும்.

பிறந்தபோது தோளில் ஒரே ஒரு நீலப் புள்ளி. அதைப் பார்த்துத்தான் அப்பன் சன்னாசி அந்தப் பெயரை வைத்தான். பிள்ளை வளர வளரப் புள்ளியும் கொப்புளமாகி, முதுகு வயிறு கையெல்லாம் பரவியது. யாராவது பார்த்து அம்மை என்று சொல்லிவிட்டால் லயத்து வரிசை வீடுகளைவிட்டுத் தள்ளி வைப்பார்களே! அது போகட்டும் என்றாலும், நாளைக்கு எவன் கட்டுவான்? மூடியே வைத்தாள் பஞ்சாலை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் வெளுத்த கண்ணை மட்டும் காட்டினாள். அவரும் வயிற்றுப் பூச்சிதான் இரத்தத்தைக் குடிக்கிறது என்று பூச்சி மருந்தே கொடுத்துக்கொண்டிருந்தார்.

காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுக்காரர்களுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை நடந்த காலம் அது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் காட்டுக்குத்தான் போகிறது என்று ஜெயில். பெண்களைத் தடவிப் பார்க்கக் கேட்டில் வள்ளியம்மாவை வைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலையில் பிள்ளை தலையைத் தூக்கவில்லை. கோலா பிலா அம்மன் கோயிலில் போட்டாவது காப்பாற்றலாம் என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள் பஞ்சாலை. கேட்டில் வள்ளியம்மாவின் கை பிள்ளையின் முதுகில் நின்றுவிட்டது.

"என்னாடி இது, முடிச்சு முடிச்சா? புள்ள முதுகுல அரிசியைக் கட்டி வச்சிருக்கியா?"

"அரிசியுமில்ல ஒண்ணுமில்ல. கையை எடுங்கக்கா."

"அப்ப சட்டையைக் கழட்டு லா."

"மாட்டேன்."

போலீஸ்காரன் துப்பாக்கியோடு எழுந்து வந்தான். வள்ளியம்மா குரலைத் தாழ்த்தினாள். "உன்னைய ஜெயிலுக்குக் கொண்டுபோயிட்டா இந்தச் சீக்குப் புள்ளையை யாருடி பாப்பா?"

தோளில் சாய்ந்திருந்த தலை துணிமூட்டைபோல் கனமில்லாமல் கிடந்தது. பஞ்சாலை பொத்தான்களை அவிழ்த்தாள்.

உள்ளே நாவற்பழம் நாவற்பழமாய்க் கொப்புளங்கள். வள்ளியம்மா ஒன்றை விரலால் அமுக்கினாள். அமுங்கிப்போய், எடுத்ததும் மெல்ல உப்பியது. போலீஸ்காரன் அம்மை என்று பயந்து பின்னால் போனான். டிரெசரைக் கூட்டிவந்தார்கள்.

"இத்தனை நாளா ஏம்மா மறைச்சே?"

"ரத்தமில்லன்னு காட்ட வந்தேன் ஐயா. தோலை நீங்க கேட்டீங்களா?"

அவர் பிள்ளையின் கண்ணிமையை மறுபடி இழுத்துப் பார்த்தார். தோட்டத்து லாரியிலேயே சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வெளியில் இருப்பது குடலுக்குள்ளும் இருக்கிறது என்றார் அங்கிருந்த டாக்டர். கோப்பை வைக்காத ரப்பர் மரத்தில் பால் வடிவதுபோல இரத்தம் யாருக்கும் தெரியாமல் உள்ளுக்குள் வடிந்திருக்கிறது. இது தீராது, வெளுக்கும்போதெல்லாம் வந்து இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். தீராது என்ற சொல்லைவிட, மூடியது தன் கைதான் என்பதே பஞ்சாலையை அதிகம் அறுத்தது.

அடுத்த தடவை சிரம்பானுக்குப் போகும்போது நீலாவதிக்கு அரைக்கைச் சட்டை. லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள், பஞ்சாலை திரும்பவில்லை. கேட்டில் பிள்ளையே பொத்தானை அவிழ்த்து முதுகைத் திருப்பிக் காட்டியது.

"அரிசி இல்ல பெரிம்மா, பாருங்க."

வள்ளியம்மா தடவித்தான் பார்த்தாள். அது அவள் வேலை. "போடி, உன் அரிசி உன்னோடவே இருக்கட்டும்," என்று பொத்தானைப் போட்டுவிட்டாள்.