கல்யாணப் பெண்ணுக்கு ஹீட்டர் போட்ட தாய்மாமன்

இரண்டு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது, வெயிலுக்குத்தான் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. மறுநாள் காலை மாமல்லபுரத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் பெண் அழைப்பு. செங்கல்பட்டில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போவது தாய்மாமனான என் பொறுப்பு.

இந்த இடத்தில் என் காரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வயது இருபத்திரண்டு. ஓடியது மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல். பத்து வருடமாக எந்த மெக்கானிக்கும் அதைத் தொட்டதில்லை, நான் தொட விட்டதில்லை என்பதுதான் சரி. வாரம் முழுக்க ஆபீசில் ஃபைலோடு மல்லுக்கட்டுவேன். ஞாயிறு வந்தால் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போய்விடுவேன். ஆயில், பெல்ட், பிரேக் எல்லாம் என் கைதான். "கல்யாணமான புதுசுல இவர் மூஞ்சியப் பாத்தது. இப்ப ரெண்டு கால்தான் தெரியுது" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பெண் அழைப்புக்கு அக்கா வீட்டில் ஒரு புது வெள்ளைக் காரை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். நான் விடுவேனா? பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் என் காரில் போன பெண், கல்யாணத்துக்கு மட்டும் வேறு காரிலா போவாள்? மூன்று மாதம் இதையே பேசிப் பேசி, வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். ஒரு வாரம் முன்பே ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, இனி ஊட்டி வரைக்கும் நிற்காமல் போகலாம் என்று வீட்டில் அறிவித்தேன்.

அன்று மதியம் பூக்காரர் வந்து பானெட் மேல் ரோஜாவும் சாமந்தியும் ஒட்டினார். பெண், மாப்பிள்ளை பெயர் எழுதிய தெர்மகோல் அட்டையை நடுவில் வைத்து டேப் போட்டார். எனக்கு அது நோஞ்சானாகப் பட்டது. காற்றில் பறந்து போனால் அபசகுனம் இல்லையா? உடனே அளவெடுத்து, அகலமான பிளைவுட் பலகை ஒன்றில் அந்த அட்டையை ஒட்டி, காருக்கு முன்பக்கம் இந்த விளக்குக்கும் அந்த விளக்குக்கும் நடுவில் எட்டு இடத்தில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கினேன். அசைத்துப் பார்த்தேன். கார்தான் ஆடியது, பலகை ஆடவில்லை.

நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் வீட்டு வாசலைத் தாண்டிவிட வேண்டும், ஆறு மணிக்கு மேல்தான் மண்டபத்தில் நுழைய வேண்டும். ஆறேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்பார்கள். மற்றவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். நாலேகாலுக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் பட்டுப்புடவையில் கல்யாணப் பெண். முப்பது கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று நடுவில் நிறுத்திக் காபி சாப்பிடக்கூட யோசனை வைத்திருந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் கூட்டம். வண்டி ஊர்ந்து போகும்போதே டெம்பரேச்சர் முள் மெல்ல எழுந்தது. ஏசியை அணைத்தேன். முள் இறங்கவில்லை. எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்க என்னைப் போன்ற ஆட்களுக்கு ஒரு வழி தெரியும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகப் போட வேண்டும். போட்டேன். வைகாசி வெயிலில், மூன்று மணி நேரம் மேக்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தில் அனல் அடித்தது. கண் மை கன்னத்துக்கு வந்துவிட்டது. "மாமா, நான் மண்டபத்துக்குப் போறேனா, இட்லி குண்டானுக்குப் போறேனா?" என்றாள். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், பாவம்.

ஊரைத் தாண்டியதும் ஆவி கிளம்பியது. ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி பானெட்டைத் தூக்கினேன். வெந்த ரோஜா வாசனை. நான் மாற்றிய தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அதனால்தான் தண்ணீர் சுற்றவில்லை என்று முடிவு கட்டினேன். சூடு தணியும் வரை காத்திருந்து, வேட்டியை மடித்துக் கட்டி, அதைக் கழற்றி எறிந்தேன். குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுக் கிளம்பினேன். சரியாக ஒரு கிலோமீட்டர். மறுபடியும் ஆவி.

மணி ஐந்தே முக்கால். அக்கா போன் செய்தாள். "டேய், எங்கடா இருக்க? வேனை அனுப்பட்டுமா?" வேண்டாம், பத்தே நிமிஷம் என்றேன். மனைவி என்னை முறைத்த முறைப்பில் எஞ்சினே குளிர்ந்திருக்க வேண்டும். பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்காத தாய்மாமன் என்ற பேர் ஆயுசுக்கும் போகாது. ஃபேனா, வாட்டர் பம்ப்பா, ஹெட் கேஸ்கெட்டா? தெரிந்த வியாதிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகத்துக்கு வந்தன. ஊற்றத் தண்ணீரும் இல்லை.

அப்போதுதான் தண்ணீர் கேன் ஏற்றிய ஒரு குட்டி லாரி எங்களைத் தாண்டிப் போய் நின்று, பின்னால் வந்தது. ஓட்டி வந்தது முப்பது, முப்பத்தைந்து வயதுப் பெண். "இன்னா சார், கல்யாணப் பொண்ண ரோட்ல நிறுத்திகினு கீற?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கேனை இறக்கித் தோளில் வைத்தார். நான் தெர்மோஸ்டாட், ஏர் லாக் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. காருக்கு முன்னால் வந்தவர், கேனைக் கீழே வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"இத யாரு கட்னது?"

"நான்தாங்க" என்றேன், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக.

"நல்லா ஸ்ட்ராங்காதான் கட்டிகீற. மூஞ்சிய மூடிட்டா காத்து எப்டி சார் உள்ள போவும்? போன ஆயுத பூஜைக்கு எங்க வண்டில வாழக்கன்னு, மாலைன்னு கட்டி, இதே பேஜாருதான் ஆச்சு."

நானும் போய் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மணி நேரமாக பானெட்டைத் திறந்து மேலிருந்து குனிந்து குனிந்து பார்த்த நான், ஒரு தடவைகூடக் காரை எதிரே நின்று பார்க்கவில்லை. ரேடியேட்டருக்குக் காற்று வரும் ஒரே வழியை என் கையாலேயே எட்டு முடிச்சுப் போட்டு அடைத்திருக்கிறேன்! மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணப் பெண்ணுக்கும் சிரிப்பு அடங்கவில்லை, மிச்ச மையும் வழிந்தது.

முடிச்சுகளைப் பிரிக்கவே பத்து நிமிஷம் ஆனது. எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பெயர்ப் பலகையைச் சாலையில் விட்டுப் போக எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. "குடு சார், என் வண்டில மாட்டிக்கிறேன். நானும் மாபலிபுரம்தான் போறேன். உன் வண்டி திரும்ப நின்னா தண்ணி வேணும்ல?" என்று சொல்லி, தன் லாரியின் பக்கவாட்டில் கேன்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனார். வழியெல்லாம் முள் நடுவைத் தாண்டவில்லை. அந்த முள்ளை அப்படியே முத்தமிடலாம் போல இருந்தது.

ஆறு இருபதுக்கு மண்டப வாசல். மேளம் கொட்ட ஆரம்பித்தது. பெயர்ப் பலகையைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நேராகத் தண்ணீர் லாரியிடம் போய்விட்டார்கள். "ஐயோ, நான் இல்லமா, பொண்ணு பின்னால வருது!" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் ஒரு பெரியம்மா அவர் நெற்றியில் ஆரத்திப் பொட்டை வைத்துவிட்டார். மணப்பெண்ணுக்கு முகம் கழுவி மறுபடி மேக்கப் போடும் நேரத்தில், அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்தாள். நான்தான் பரிமாறினேன்.

ஒரு மாதம் கழித்துப் பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். இந்தக் கதையையே நான் மாப்பிள்ளையிடம் வீராப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்னாலதான் அவ்வளவு பாடு பட்டே, இல்லம்மா?" என்று பெண்ணிடம் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோச்சுக்காதீங்க மாமா. அந்த வெள்ளைக் காரை நான்தான் ஆசப்பட்டு செலக்ட் பண்ணேன். நீங்க மூணு மாசமா அதையே பேசினு இருந்தீங்களா, உங்க காரை எப்டி வேணாம்னு சொல்றது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கையிலிருந்த பாயசத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

கார் இன்றும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அதன் அடியில்தான் கிடக்கிறேன். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் நாலடி பின்னால் போய் எதிரே நின்று ஒரு தடவை பார்க்கிறேன். வீட்டு மனிதர்கள் விஷயத்திலும், அவர்களுக்காக என்று ஆசை ஆசையாக எதையாவது கட்ட ஆரம்பிக்கும்போது, அவர்கள் மூச்சு விட இடம் இருக்கிறதா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.