கும்பத்தடியில் அக்காவின் சொற்கள்

ஒன்பது வயதில் எனக்குச் சில நூறு ஆங்கிலச் சொற்கள் தெரியும். அவற்றுக்குத் தமிழும் தெரியும். அந்தத் தமிழுக்குத்தான் அர்த்தம் தெரியாது. ‘ப்ருடென்ட்’ என்றால் ‘முன்மதியுடைய’ என்று ஒரே மூச்சில் சொல்வேன். முன்மதி என்றால் என்னவென்று யாராவது கேட்டிருந்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பேன். நல்ல காலம், ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் “அட, இந்தச் சின்னனுக்கு என்ன மூளை!” என்று வாயைப் பிளந்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு போனார்கள்.

மூளையாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் அக்காவால் வந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அக்கா வீட்டில் நின்ற காலம் அது. கனடாவில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தமையன், அங்கே ஒரு கல்லூரியில் அவளைச் சேர்க்க வழி பார்த்துவிட்டார். செலவு அவருடையது. அக்கா செய்ய வேண்டியது, யாழ்ப்பாணத்தில் ஒரு கணினி நிலையத்தில் வைக்கும் நுழைவுப் பரீட்சையில் தேறுவது மட்டும்தான். “கணக்கு உனக்குப் பிரச்சினை இல்லை. சொல்லுத்தான் காணாது. சொல்லைச் சேர் பிள்ளை, சொல்லைச் சேர்” என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் ஓதுவார். எங்கள் ஊரான புளியங்கூடலில் மழைத்தண்ணீர் சேர்ப்பார்கள், பனங்கொட்டை சேர்ப்பார்கள். சொல் சேர்த்த முதல் ஆள் அக்காவாகத்தான் இருக்கும்.

வீட்டில் கிடந்த கல்யாண அழைப்பிதழ்களை எல்லாம் அவள் துண்டு துண்டாக வெட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ். பின்னேரங்களில் அம்மா சமைத்துக்கொண்டிருக்க, நாங்கள் குசினி வாசலில் இருந்து படிப்போம். நான் அட்டையைப் பார்த்து ஆங்கிலத்தைச் சொல்ல வேண்டும், அக்கா பார்க்காமல் தமிழைச் சொல்ல வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டிருக்க எனக்கு அலுத்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் வாய்பாடு பாடுகிற ராகத்தில் கேள்வியையும் பதிலையும் நானே சேர்த்து இழுத்துப் பாடுவேன். அக்கா முதலில் தலையில் குட்டினாள். பிறகு அவளுக்கும் அந்த ராகத்தில்தான் சொற்கள் ஞாபகத்தில் நின்றன, அதனால் விட்டுவிட்டாள்.

அம்மா இதற்கு எதிராக ஒரு சொல்லும் சொன்னதில்லை. மாமா போனில் கேட்டால் “ஓம், ஓம், நல்லாப் படிக்கிறாள்” என்பார். போனை வைத்ததும் குசினிக்குள் சட்டி பானைகள் சத்தம் போடும். ஒருநாள் அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன். “என்ரை அண்ணை போய் எத்தினை வருசம்? பெத்த தாயின்ரை செத்த வீட்டையே போனிலைதான் பாத்தவர். இவளும் போனால் வரமாட்டாள். இஞ்ச யாழ்ப்பாணத்திலை படிச்சு ஒரு ரீச்சராய் வந்தால் என்ன குறைஞ்சு போகும்?” அப்பா தோட்டக்காரர். வெங்காயத்துக்குத் தண்ணீர் காணுமா காணாதா என்பதைத் தவிர வேறு எதிலும் அவசரப்பட்டுக் கருத்துச் சொல்லமாட்டார்.

அந்த வருடம் நவராத்திரி வந்தது. மாமா பரீட்சைக்குப் பதிந்த நாள் விஜயதசமி. கனடாக் கலண்டரில் அது வெறும் வியாழக்கிழமை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் எல்லா வீட்டையும் போலத்தான். முதல் நாள் கும்பம் வைத்து, துர்க்கைக்கும் லட்சுமிக்கும் பூசை முடிந்து, கடைசியாகச் சரஸ்வதியின் நாட்கள் வரும்போதுதான் புத்தகங்களைக் கும்பத்தடியில் வைப்போம். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமிப் பூசை முடிந்து எடுக்கும் வரைக்கும் தொடக்கூடாது, படிக்கக்கூடாது. படித்தால் உள்ள படிப்பும் போய்விடும். எனக்கு வருடத்தில் மிகவும் பிடித்த நாட்கள் அவை.

அந்த முறை அம்மா முதல் நாளே வைத்துவிட்டார். நாங்கள் முழுகிவிட்டு வந்து பார்த்தால் அக்காவின் அகராதி, கொப்பிகள், அட்டைக்கட்டு எல்லாம் சந்தனப் பொட்டோடு கும்பத்தடியில் இருக்கின்றன. உச்சியில் அக்காவின் போன்.

“ஐயோ அம்மா, போனையும் ஏன் வைச்சனீங்கள்?” என்று அக்கா கத்தினாள்.

“அதுக்குள்ளையும் படிப்புத்தானே கிடக்கு” என்றார் அம்மா, பூவைக் கிள்ளிக்கொண்டு.

“எனக்குச் சோதினை அம்மா!”

“அதுக்குத்தான் வைச்சனான். சரஸ்வதியை விட்டிட்டுப் படிச்சு என்னத்தைக் காணப்போறாய்?”

அப்பா தோட்டத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். “இஞ்சரும், இந்த முறை சரஸ்வதி வெள்ளன வந்திட்டாவோ?” என்றார். “வாறவவை வாசலிலை நிக்கச் சொல்லச் சொல்லுறியளோ?” என்று அம்மா திரும்பிக் கேட்டார். அப்பா மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அம்மாவுக்கு இந்த வருடம் பக்தி கூடிவிட்டது என்று நான் நினைத்தேன். எனக்கும் அது வசதிதான், என் புத்தகங்களும் அங்கேதான் இருந்தன.

அன்று பின்னேரப் பூசையில், தேவாரம் படித்து முடிக்கிற நேரம் பார்த்துக் கும்பத்தடியில் இருந்து போன் அலறியது. மாமா. ஒருவரும் எடுக்கவில்லை. சரஸ்வதியின் காலடியில் இருக்கும் போனை யார் எடுப்பது? சந்தனப் பொட்டுக்கு மேலே மாமாவின் படம் மின்னி மின்னி அணைந்தது. அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமுவதுபோலப் பாவனை செய்தார்.

அக்கா நினைத்திருந்தால் அம்மா கிணற்றடிக்குப் போகிற நேரம் அட்டைகளை எடுத்திருக்கலாம். நானே சொன்னேன், “நான் காவல் நிக்கிறன், நீ எடு.” அவள் கும்பத்துக்கு முன்னால் போய்க் கையை நீட்டினாள். பிறகு அதே கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கடல் தாண்டிப் போய்ப் பனிக்குள் தன்னந்தனியாக இருக்கத் துணிந்தவளுக்கு, கும்பத்தடியில் இருந்த ஒரு அட்டையைத் தொடத் துணிவு வரவில்லை. “பிறகு பெயில் விட்டால் இதாலைதான் எண்டு வாழ்நாள் முழுக்க யோசிப்பன்” என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த நாள் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போனோம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், குடிக்க ஏலாது. அக்கா சைக்கிளை உருட்ட, நான் வெறும் தண்ணீர்க் கானைத் தட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். தட்டத் தட்ட ராகம் தானாக வந்தது. முதல் அட்டையில் தொடங்கி நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போனேன். சைக்கிள் நின்றுவிட்டது.

“எடி, உனக்கு எவ்வளவு பாடம்?” என்றாள் அக்கா.

“எல்லாம்” என்றேன். எனக்கே அப்போதுதான் தெரியும்.

அக்கா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அம்மாவால் அகராதியை வைக்க முடிந்தது, போனை வைக்க முடிந்தது, என்னைச் சந்தனம் பூசிக் கும்பத்தடியில் வைக்கவா முடியும்? புத்தகத்தைத் தொட்டால்தானே குற்றம், நான் வாயால் சொல்வதில் சரஸ்வதிக்கு என்ன ஆட்சேபணை என்று அக்கா நியாயம் பேசினாள். ஆனாலும் அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடிதண்ணீர் முடிந்துகொண்டே இருந்தது. காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை கிணற்றுக்குப் போவோம். அப்பா நிரம்பி வழிந்த குடத்தைப் பார்ப்பார், எங்களைப் பார்ப்பார், மண்வெட்டியோடு இறங்கிவிடுவார்.

எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. பூவரசந் தடி ஒன்றை முறித்துக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வகுப்பு ரீச்சரின் குரலில் அதட்டுவேன். “நீர் வீட்டிலை படிக்கிறேல்லையோ? ஏறும் வாங்கிலை!” அக்கா வகுப்புப் பெஞ்சில் ஏறுவதுபோலக் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்” என்பாள். கூலியாக அவளுடைய பங்கு அவலும் கடலையும் எனக்கு. அந்த நவராத்திரியில் நான் நன்றாகக் கொழுத்தேன்.

விஜயதசமிக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா குசினிக்குள் மோதகம் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா தேங்காய் திருவினாள், நான் சர்க்கரைக்குக் காவல் இருந்தேன். விடிந்தால் முதல் பஸ்ஸில் அக்கா யாழ்ப்பாணம் போகவேண்டும். கிணற்றுக்குப் போக அன்று நேரமில்லை. அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து இருந்தார். அக்கா என் காதுக்குள் “மெல்லமாய்க் கேள்” என்றாள். நான் ராகத்தை முணுமுணுப்பாக்கிக் கேட்டேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“ஒப்ஸ்டினேட்” என்றேன்.

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடினாள், நெற்றியில் தட்டினாள், வரவில்லை. நான் எடுத்துக் கொடுப்போம் என்று பார்த்தால் எனக்கும் வரவில்லை. ராகத்தில் படித்தவளுக்கு ராகம் அறுந்தால் எல்லாம் அறுந்தது. அதற்குப் பிறகு வருகிற சொற்களும் கூட்டத்தோடு போய்விட்டன. திரும்ப முதலில் இருந்து பாடிக்கொண்டு வந்தேன், அதே இடத்தில் வந்து விழுந்தேன்.

அக்கா திருவுவதை நிறுத்தினாள். “எனக்கு ஏலாது” என்று அழத் தொடங்கினாள். “எல்லாம் மறந்துபோச்சு. நான் போகேல்லை. மாமாவுக்குச் சொல்லுங்கோ, நான் நாளைக்குப் போகேல்லை.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கையில் பாதி பிடித்த மோதகம் இருந்தது. அவர் திரும்பவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா விம்முகிற சத்தம் மட்டும் கேட்டது.

“பிடிவாதமான” என்றார் அம்மா.

அக்கா நிமிர்ந்தாள்.

“ஒப்ஸ்டினேட், பிடிவாதமான. இவ்வளவு நாளும் அதைத்தானே பிடிச்சுக்கொண்டு நிண்டனீ, அதுகூடத் தெரியேல்லையோ?” அம்மா மோதகத்தின் வாயை மூடித் தட்டில் வைத்தார். அடுத்த மாவை எடுத்தார். பிறகு, அடுப்பைப் பார்த்தபடியே, அடுத்த சொல்லைச் சொன்னார். அதற்கடுத்த சொல்லையும் சொன்னார். என் ராகத்தில், நான் இழுக்கிற இடத்தில் இழுத்து, நான் பிழையாகச் சொல்கிற சொல்லை அதே பிழையோடு சொல்லி, கட்டின் கடைசி அட்டை வரைக்கும் போனார். மாதக்கணக்காகக் குசினி வாசலில் நாங்கள் படித்ததெல்லாம் அவருக்கும் பாடமாகியிருந்தது. அக்கா கன்னத்தில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்க, அம்மாவின் பின்னால் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள்.

“போய் முகத்தைக் கழுவு. விடிய வெள்ளன எழும்போணும்” என்றார் அம்மா. அக்கா எழுந்து போனாள்.

எனக்குப் பொல்லாத கோபம். ரீச்சர் நான். என் பாட்டைக் களவாகக் கேட்டுப் படித்துவிட்டு, நான் தடுமாறிய நேரம் பார்த்து அம்மா என்னை வென்றுவிட்டார். அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவிக்கொண்டு நின்றார். ஓடிப்போய் முறைப்பாடு வைத்தேன். அக்கா அழுததையும், போகமாட்டேன் என்றதையும், அம்மா பேசாமல் இருந்திருக்கலாம்தானே என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அப்பா வாளியைக் கீழே வைத்தார். “கொம்மாவோ சொல்லிக்குடுத்தவ?” என்று கேட்டார். “ஓம், எல்லாத்தையும்!” என்றேன். அவர் அம்மாவை ஏசப்போகிறார் என்ற நம்பிக்கையில் பின்னாலேயே போனேன்.

அப்பா குசினிக்குள் வந்து இருந்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. அவருக்குச் சாப்பாடு வெளியில்தான் போகும். அன்று அவர் குனிந்து உள்ளே வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு இருந்தார். மாவில் ஒரு பிடி எடுத்து மோதகம் பிடிக்கத் தொடங்கினார். அம்மா முகத்தை எங்கள் பக்கம் திருப்பவேயில்லை. அப்பாவின் மோதகம் கோணலும் மாணலுமாக, வாய் வெடித்து, பயறெல்லாம் வெளியே வந்து கிடந்தது. அதைப் பார்த்து நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அந்த இரண்டு பேரும் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.