வெள்ளியங்கிரி அண்ணன் எடுத்த பூச்சி படம்

வெள்ளியங்கிரி அண்ணனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். ஒரு அறை நிறைய ஆட்கள் உட்கார்ந்து, அவர் செய்த ராட்சதப் பாம்பைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

அமெரிக்காவில், டல்லாஸை ஒட்டிய பிளானோவில் டேட்டாபேஸ் வேலை. அந்தியூர்ப் பக்கத்துக்காரர். டோல்வே நெடுஞ்சாலையில் மற்றவர்கள் பறக்கும்போது மெதுவாக வலது ஓரமாகவே போகிற மனிதர். அவர் சினிமா எடுக்கிறேன் என்றபோது, மனைவி கண்மணி அக்காகூடச் சிரித்துவிட்டு அரிசி கழுவப் போய்விட்டார். ஆனால் சனி, ஞாயிறு தவறாமல் நாங்கள் சிலர் அவர் கராஜில் கூடினோம். நுரை ரப்பரை வெட்டி ஒட்டிப் பாம்பு உடுப்பு செய்தோம். உள்ளே புகுந்து நடிக்க ஜெயபிரகாஷ். மைக் பிடிக்க நான். டல்லாஸுக்கு வடக்கே ஓர் ஏரியில் எழும் பாம்பு, கரையோர வீடுகளைத் தேடி வருவதுதான் கதை.

படத்துக்குப் பெயர் ‘பூச்சி’.

எங்கள் பக்கம் இருட்டிய பிறகு யாரும் பாம்பு என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் வந்துவிடுமாம். பூச்சி என்போம். ஏரிக்கரையில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாலை, காரில் சாமான் ஏற்றும்போது அண்ணன் சொன்னார்: “எந்தம்பியைச் சோளக்காட்டுல இருந்து தூக்கிட்டு வந்தப்பக்கூட பூச்சி கடிச்சிருச்சுன்னுதான் சொன்னாங்க. அவனுக்கு ஏழு வயசு. அந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு இன்னிக்கும் கால் கூசும். இந்த ஊர்க்காரனுக்கும் ஒரு நிமிஷம் கூசட்டுமே.” அவ்வளவுதான் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

நாங்கள் எல்லோருமே அவரவர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு; குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதினால் ஒருத்தரும் திருத்த முடியாது. அந்தத் தைரியத்தில்தான் போஸ்டரில் கொட்டை எழுத்தில் POOCHI என்று போட்டோம். அண்ணனுடைய மகள் கயல், இங்கேயே பிறந்தவள், எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, தட்ஸ் லைக் எ டாக் நேம்.”

“நாய்க்கு மணின்னுதான் கண்ணு வெப்பாங்க. பூச்சின்னு எவன் வெப்பான்?”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கயல் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

திகில் பட ரசிகர் மாநாடு ஒரு ஹோட்டலில் நடந்தது. உள்ளூர்ப் படங்களுக்கு ஒரு பக்கத்து அறை. முன்னோட்டம் போட்டுக் காட்டலாம். கூட்டத்துக்குப் பிடித்துப்போனால் முழுப் படத்தையும் பெரிய ஹாலில் திரையிடுவார்கள். ரத்தம் பூசிய முகங்களும் கொம்பு வைத்த தலைகளுமாக அறை நிரம்பியது. அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது. இருட்டில் தவளைச் சத்தம். நாணல் விலகுகிறது. தண்ணீரில் ஒரு கோடு கரையை நோக்கி வருகிறது. அறையில் ஒரு செருமல்கூட இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த கொம்புக்காரர் கையிலிருந்த சோளப்பொரியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை முழுக்க எழுத்து வந்தது: POOCHI.

பின்னாலிருந்து ஒரு பெண், குட்டி நாயைப் பார்த்தது போல, “ஆவ்வ்…” என்றாள்.

அவ்வளவுதான். ஒரு சிரிப்பு, அதைத் தொட்டு இன்னொன்று, பிறகு அறையே குலுங்கியது. பாம்பு ஏரியைப் பிளந்துகொண்டு எழுந்தபோது யாரோ குரைத்தார்கள். “நல்ல பிள்ளை யாரு? நீதானே?” என்று ஒருவர் ஆங்கிலத்தில் கொஞ்சினார். இங்கே செல்ல நாயைப் ‘பூச்’ என்பார்களாம்; கயல் சொன்னது அதைத்தான். படகு கவிழ்ந்ததற்குக் கைதட்டல்.

அண்ணன் என்னிடம் குனிந்தார். “ஜெயபிரகாஷை வர வேண்டாம்னு சொல்லுப்பா. ஓடு.”

முன்னோட்டம் முடியும்போது உடுப்போடு அவன் நுழைய வேண்டும் என்பது ஏற்பாடு. அவனுடைய போன் என் சட்டைப்பையில் இருந்தது. அந்தத் தலையை மாட்டிவிட்டால் அவனுக்குக் காதும் கேட்காது. நான் எழுவதற்குள் கதவு திறந்தது. கர்ஜித்துக்கொண்டே வந்தான். கூட்டம் “பூச்சீ! பூச்சீ!” என்று எழுந்து நின்றது. கொம்புக்காரர் அதன் தாடையைச் சொறிந்துவிட்டார். பயந்து அலறுகிறார்கள் என்று நினைத்து அவன் இன்னும் பலமாகக் கர்ஜித்தான்.

மேடையில் ஒருங்கிணைப்பாளர் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் மைக்கை நீட்டினார். இவ்வளவு செல்லமான பெயர் எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

“இன் மை வில்லேஜ்…” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

அடுத்த வரி எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்றும் இருந்தது. சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. சிரித்துக் களைத்த நல்ல முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவரும் கெட்டவர் இல்லை. அண்ணன் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“இட் இஸ் எ ஸ்மால் நேம்” என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

இறங்கியதும் அந்தப் பெண்மணி கூடவே வந்தார். சனிக்கிழமை பெரிய ஹாலே தருகிறாராம். ஒரே ஒரு மாற்றம்: திகில் பிரிவில் வேண்டாம், குடும்ப நகைச்சுவை என்று போட்டுக்கொள்ளலாமா?

ஜெயபிரகாஷ் தலையைக் கழற்றியிருந்தான். வேர்வையில் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. “அண்ணா, பெரிய ஹாலுங்ணா! சரின்னு சொல்லுங்ணா. ஏனுங்ணா யோசிக்கறீங்க? எப்படிக் கத்துனாங்க பாத்தீங்கல்ல!”

கூட வந்திருந்த கயல் அப்பாவின் முழங்கையைப் பிடித்தாள். “அப்பா, யூ டோன்ட் ஹேவ் டு.”

அண்ணன் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். பசையில் வெந்த எங்கள் விரல்களை, தூங்காமல் விட்ட ஞாயிறுகளை நினைத்திருப்பார். தலையை ஒரு மாதிரி அசைத்தார். எந்தப் பக்கத்துக்கும் பொருந்துகிற நம்ம ஊர்த் தலையாட்டல். அந்தப் பெண்மணி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, “வொண்டர்ஃபுல்!” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். திருத்திச் சொல்ல அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பெண்மணி வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. ஜெயபிரகாஷ் மறுபடி தலையை மாட்டிக்கொண்டான். ஆளாளுக்கு வந்து பாம்பைக் கட்டிப்பிடித்தார்கள், மூக்கில் முத்தம் கொடுத்தார்கள். அதன் நீண்ட வால் நடைவழியில் குறுக்கே கிடந்தது. ஒரு கிழவர் தடுக்கி விழப் பார்த்தார்.

“சாரி, சாரி” என்று அண்ணன் ஓடினார். குனிந்து வாலைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். வரிசை குறைகிறவரை நின்றார்.