செல்வத்தின் காது வலி

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் லைனுக்கு நான் லீடர். அங்கே சத்தம் அதிகம். காதை அழுத்தி மூடும் மஃப் போடாமல் யாரும் நிற்கக் கூடாது.

தென்காசிக்காரன் செல்வம் மட்டும் காது வலிக்கிறது என்று அதைக் கழற்றிக் கழற்றி வைப்பான். அவன் காது சிவந்து வீங்கியிருக்கும்.

"எவ உன் காதைத் திருகுனா?" என்றேன் ஒருநாள். லைனே சிரித்தது.

"மாட்டுனா உசுரு போகுதுண்ணே. பஞ்சு வச்சுக்கிடுதேன்."

"பஞ்சுலாம் இங்க நடக்காது. போட்டுக்கினு வேலையப் பாரு."

நானே அவன் தலையில் மாட்டிவிட்டேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. நடிப்பு என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வேலையில் நிற்கும்போதே அவனுக்கு மூச்சுத் திணறியது. இழுக்கும் மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்சிஜன் வைத்த பிறகு டாக்டரம்மா அவன் காதைத் தொட்டுப் பார்த்தார்.

"மேல்காதுதான் சிவந்திருக்கு. கம்மல் போடுற இடத்துல ஒண்ணுமில்ல, அங்க குருத்தெலும்பு கிடையாது. இது குருத்தெலும்பைத் தாக்குற அபூர்வமான வியாதி. மூச்சுக்குழாய்லயும் அதே குருத்தெலும்புதான். காது வலின்னு முன்னாடியே யார்கிட்டயும் சொல்லலையா?"

செல்வத்தால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தான்.

"சொன்னான்மா. ரெண்டு மாசமா சொல்லிக்கினு இருந்தான்."

"யார்கிட்ட?"

"என்கிட்டதாம்மா."

மருந்தில் பிழைத்துக்கொண்டான். சத்தமில்லாத பேக்கிங்குக்கு மாற்றினார்கள். குரல் மட்டும் பழையபடி வரவில்லை.

வலிக்கிறது என்று யார் சொன்னாலும் இப்போது நம்பிவிடுகிறேன். செல்வம் பேசுவது கிட்டே போனால்தான் கேட்கும். போய்க் கேட்கிறேன்.